அத்தியாயம் 9: தரை தொடும் ஜன்னலுக்குத் தடுப்பு

பேத்துப்பாறையில் வீடு கட்ட வருகிறவர்கள் முதலில் கேட்பது பள்ளத்தாக்கைப் பார்த்த பெரிய ஜன்னல். தோட்டங்கள் சரிந்து இறங்குவதும், அஞ்சுவீடு பக்கத்துக் காடும், மழை விட்டதும் கீழிருந்து ஏறி வரும் மேகமும் கட்டிலில் படுத்தபடியே தெரிய வேண்டும் என்பது நியாயமான ஆசைதான். அதற்காகத் தரையிலிருந்து கூரை வரை கண்ணாடி வைக்கிறார்கள். குளிரைத் தடுக்க சுவருக்கு வெளியே தெர்மாகோலோ ராக்வுல்லோ ஒட்டுகிறார்கள். சிலர் பஃப் பேனலிலேயே வீட்டை எழுப்பிவிடுகிறார்கள்.

பழைய வீட்டு ஜன்னலுக்குக் கீழே மூன்றடிச் சுவர் இருந்தது. அதற்கு மேலே கம்பி இருந்தது. யாரும் தனியாக யோசிக்காமலே அந்த இரண்டும் சேர்ந்து பிள்ளைகளைக் காத்தன. தரை தொடும் ஜன்னலில் இரண்டுமே இல்லை. அந்த வேலையைச் செய்ய வேறு ஒன்றை நாம்தான் வைத்தாக வேண்டும். இன்சுலேஷன் உள்ள வீட்டில் இதற்குக் கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு: சுவரின் வெளித்தோல் எந்தப் பாரத்தையும் தாங்காது. பூச்சு முடிந்த பிறகு கிரில்காரரை அழைத்தால், அவர் துளை போடும் இடத்தில் கான்கிரீட் இருக்கிறதா தெர்மாகோல் இருக்கிறதா என்று யாருக்கும் தெரியாது. ஆகவே, தடுப்பின் போல்ட் எங்கே போய்ப் பிடிக்கும் என்பதை இன்சுலேஷன் ஒட்டுவதற்கு முன்பே முடிவு செய்துவிடுங்கள். இந்த அத்தியாயத்தில் இனி வருவதெல்லாம் அந்த முடிவை எடுப்பதற்கான வழிகள்.

பள்ளத்தை அளந்து பாருங்கள்

மலைச்சரிவில் "தரைத்தளம்" என்ற சொல்லை நம்பக் கூடாது. ரோட்டுப் பக்கம் வாசல்படி ஒன்று ஏறினால் ஹால். அதே ஹாலின் மறுபக்க ஜன்னலுக்குக் கீழே இரண்டு மாடிப் பள்ளம் இருக்கும். வரைபடத்தில் இது ஒரு மாடி வீடுதான். விழுகிறவருக்கு அது இரண்டாவது மாடி.

ஒவ்வொரு தரை தொடும் ஜன்னலிலும் நின்று, உள்தரை மட்டத்திலிருந்து வெளியே சுவரை ஒட்டியிருக்கும் மிகத் தாழ்ந்த இடம் வரை டேப் விட்டு அளந்து, ஜன்னலுக்கு எண் போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். மண்வேலை முடியும் முன் எடுத்த அளவு செல்லாது. தாங்குசுவருக்காகவும் வடிகாலுக்காகவும் மண் வெட்டியதும் பள்ளம் ஆழமாகும். வடகிழக்குப் பருவமழை ஒன்று கடந்தால் சரிவு இன்னும் கரையும். கீழே என்ன இருக்கிறது என்பதையும் எழுதுங்கள். புல்தரையில் பிழைத்துக்கொள்ளக்கூடிய விழுதல், பாறையிலோ வடிகாலின் கான்கிரீட் விளிம்பிலோ உயிரைப் பறிக்கும்.

அமெரிக்க வீட்டுக் கட்டட விதி, வெளித்தரையிலிருந்து 1.83 மீட்டருக்கு மேல் இருக்கும் திறக்கும் ஜன்னலுக்குத் தனிப் பாதுகாப்பு கேட்கிறது. நம் சரிவுகளுக்கு இதைவிடக் கடுமையாக இருப்பதே நல்லது. பள்ளம் இரண்டடியைத் தாண்டினாலே தடுப்பு வையுங்கள்.

"பிள்ளையைப் பார்த்துக்கொள்வோம்" என்பது போதாது

2024 ஏப்ரலில் ஆவடி அருகே திருமுல்லைவாயலில், அடுக்ககத்தின் மேல்தளத்திலிருந்து தவறிய கைக்குழந்தை ஒன்று கீழ்த்தளத்துத் தகரக் கூரையில் சிக்கியது. ஒருவர் முதல் மாடி ஜன்னல் வழியாக வெளியே ஏறிக் கையை நீட்ட, கீழே மற்றவர்கள் பெட்ஷீட்டை விரித்துப் பிடித்தபடி நின்ற காட்சியை நாடே பார்த்தது. குழந்தை பிழைத்தது. ஆனால் பழி முழுவதும் தாயின் மேல் விழுந்தது. அடுத்த மாதம் அந்தத் தாய் உயிரோடு இல்லை. குழந்தை விழுந்தால் பெற்றவளைக் குற்றம் சொல்வது நம் வழக்கமாகிவிட்டது. தவழும் குழந்தைக்குக் கண்ணாடியும் காற்றும் ஒன்றுதான். அதை ஒரு நொடிகூடக் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொள்ள எந்தத் தாயாலும் முடியாது.

நியூயார்க் நகரம் இந்தப் பாடத்தை அரை நூற்றாண்டுக்கு முன்பே கற்றது. 1970களின் தொடக்கத்தில் பிராங்க்ஸ் பகுதியில் பிள்ளைகள் ஜன்னலிலிருந்து விழுந்து இறப்பது தொடர்ந்தபோது, நகரச் சுகாதாரத் துறை பெற்றோருக்கு அறிவுரை சொன்னதோடு நிற்காமல், வீடுகளுக்கு ஜன்னல் தடுப்புகளை இலவசமாகவே கொடுத்தது. இரண்டே ஆண்டுகளில் அப்பகுதியில் விழும் சம்பவங்கள் பாதியாகக் குறைந்தன. 1976இல் அது சட்டமானது: பத்து வயதும் அதற்குக் குறைவுமான பிள்ளைகள் வாழும் அடுக்கக வீடுகளில் தடுப்பு பொருத்துவது கட்டட உரிமையாளரின் கடமை.

நீங்கள் கட்டுவது விருந்தினர் தங்கும் வீடு என்றால் இது இன்னும் பொருந்தும். வார இறுதிக்கு வரும் குடும்பத்துக்கு உங்கள் வீட்டின் பள்ளம் எந்தப் பக்கம் என்று தெரியாது. இரவில் வந்து இறங்குவார்கள்; திரையை விலக்கிப் பார்ப்பதற்குள் பிள்ளை ஜன்னலருகே போயிருக்கும்.

உயரமும் இடைவெளியும்

தேசியக் கட்டட விதித்தொகுப்பு 2016, மொட்டைமாடி, பால்கனி ஓரங்களின் கைப்பிடிச் சுவருக்குக் குறைந்தது 1.0 மீட்டர் உயரம் கேட்கிறது. தரை தொடும் ஜன்னலைத் திறந்துவிட்டால் அதுவும் பால்கனி ஓரம்தான். 1.1 மீட்டர் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த உயரத்தை எங்கிருந்து அளப்பது என்பதில்தான் பல வீடுகளில் தவறு நடக்கிறது. கான்கிரீட் தளத்திலிருந்து 1.0 மீட்டரில் தடுப்பைப் பொருத்திவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். பிறகு தரைக்கு 50 மில்லிமீட்டர் இன்சுலேஷன் பலகை, அதன் மேல் 50 மில்லிமீட்டர் காரை, அதன் மேல் 15 மில்லிமீட்டர் மரத்தளம் வருகிறது. மொத்தம் 115 மில்லிமீட்டர். மிஞ்சுவது 885 மில்லிமீட்டர்தான். வளர்ந்த ஒருவரின் இடுப்புக்குக் கீழே வரும் கம்பி அவரைத் தடுக்காது, கவிழ்த்துவிடும். எனவே முடிந்த தரைமட்டத்தைச் சுவரில் சுண்ணாம்புக் கோடாகப் போட்டுவிட்டு, அந்தக் கோட்டிலிருந்து அளக்கச் சொல்லுங்கள். ஜன்னலோரம் உட்காரத் திண்ணை கட்டினால், திண்ணையின் மேல்மட்டத்திலிருந்து 1.1 மீட்டர்.

கம்பிகளுக்கு இடையே 100 மில்லிமீட்டர் உருண்டை நுழையக் கூடாது என்பது உலகின் பல நாடுகளில் உள்ள விதி. உடல் நுழைந்து தலை சிக்கிக்கொள்ளும் ஆபத்தையும் சேர்த்துத் தடுக்கும் அளவு இது. கீழ்க்கம்பிக்கும் தரைக்கும் இடையிலும், ஓரக்கம்பிக்கும் சுவருக்கும் இடையிலும் இதே அளவுதான். கம்பிகள் நெட்டுக்குத்தாக இருக்கட்டும். படுக்கைக் கம்பியும் படுக்கை வயரும் பார்க்க அழகு. காட்சியையும் குறைவாகவே மறைக்கும். ஆனால் மூன்று வயதுப் பிள்ளைக்கு அது ஏணி. இந்தப் பக்கத்தில் குரங்குக்கும் அது ஏணிதான்.

எந்த வகைத் தடுப்பு?

உள்பக்கக் கம்பித் தடுப்பு. ஜன்னலின் இரு ஓரச் சுவர்களுக்கு இடையே, அறைக்குள், கண்ணாடிக்கு முன்னால் நிற்பது. மழை படாது, இன்சுலேஷனைத் துளைக்க வேண்டாம், கையெட்டும் தூரத்திலேயே பராமரிக்கலாம். கட்டி முடித்த வீட்டுக்கும் இதுதான் எளிது. ஸ்லைடிங் ஜன்னலுக்கும் வெளிப்பக்கம் திறக்கும் ஜன்னலுக்கும் சரியாக வரும். உள்பக்கம் திறக்கும் கதவாக இருந்தால் இடிக்கும்.

வெளிப்பக்கத் தடுப்பு. உள்பக்கம் திறக்கும் ஜன்னலுக்கு வேறு வழியில்லை. இன்சுலேஷனைக் கடந்து சுவரைப் பிடிக்க வேண்டியிருப்பதால் செலவும் கவனமும் அதிகம். மழையும் பனிமூட்டமும் ஆண்டு முழுக்க அதன் மேல் படும்.

கண்ணாடியே தடுப்பு. கீழ்ப்பகுதி 1.1 மீட்டர் வரை திறக்காத கண்ணாடி, அதற்கு மேலே திறக்கும் ஜன்னல் என்று நடுவில் குறுக்குச் சட்டம் போட்டுப் பிரிப்பது. காட்சி மறையாது. ஆனால் சாதாரணக் கண்ணாடியும் போதாது, டஃபன்ட் கண்ணாடி மட்டும் வைத்தாலும் போதாது. டஃபன்ட் உடைந்தால் சிறு துண்டுகளாக உதிரும். வெட்டுக்காயம் குறையும், ஆனால் அந்த இடம் திறந்த ஓட்டையாகிவிடும். லேமினேட்டட் கண்ணாடியில் இரண்டு தகடுகளுக்கு நடுவே பிவிபி படலம் இருப்பதால், விரிசல் விட்டாலும் சட்டத்திலேயே நிற்கும். இரட்டைக் கண்ணாடியில் அறைப் பக்கத் தகடு லேமினேட்டடாக இருக்கட்டும். மனிதர் வந்து மோதுவது அந்தப் பக்கத்தில்தான். கட்டடக் கண்ணாடியில் மனிதர் மோதும் பாதுகாப்பு பற்றி ஐஎஸ் 16231 நான்காம் பகுதி பேசுகிறது. சப்ளையரிடம் அதைச் சொல்லியே விலை கேளுங்கள்.

கண்ணாடியைப் பிடித்திருக்கும் பீடிங் எந்தப் பக்கம் என்பதையும் பாருங்கள். அது அறைப் பக்கம் இருந்தால், உள்ளிருந்து வரும் தள்ளலைச் சட்டத்தின் உறுதியான வெளி விளிம்பு தாங்கும். பீடிங் வெளிப்பக்கம் இருந்தால் ஒரே மோதலில் பீடிங்கோடு கண்ணாடியும் வெளியே போய்விடும்.

மலையில் இரட்டைக் கண்ணாடிக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. சமவெளியில் அடைத்து சீல் வைத்த கண்ணாடிக்குள் சமவெளியின் காற்றழுத்தம் இருக்கும். கடல்மட்டத்தைவிட 1,500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. மேலே கொண்டுவந்ததும் கண்ணாடி இருபுறமும் உப்பும். ஓரத்து சீல் இழுபடும். சிறிய அளவுள்ள கண்ணாடி விரிசலும் விடலாம். ஆர்டர் கொடுக்கும்போதே மனையின் உயரத்தை மீட்டரில் எழுதிக் கொடுத்து, அழுத்தத்தைச் சமன்செய்யும் நுண்குழாய் வைத்துத் தரச் சொல்லுங்கள்.

எடையையும் கணக்கில் வையுங்கள். ஒரு சதுர மீட்டர் கண்ணாடி, கனத்தில் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் 2.5 கிலோ. வெளியே 6, உள்ளே 5+5 என்றால் சதுர மீட்டருக்கு 40 கிலோ. நாலடி அகலம், எட்டடி உயரத்துக்கு ஏறக்குறைய 120 கிலோ. லாரி நிற்கும் இடத்திலிருந்து படிக்கட்டுப் பாதையில் ஆட்கள் தூக்கி இறக்க வேண்டிய மனையில், நடுவில் குறுக்குச் சட்டம் போட்டு இரண்டாகப் பிரிப்பது தடுப்புக்கும் நல்லது, தூக்குகிறவர்களுக்கும் நல்லது.

நைலான் பூசிய ஸ்டீல் வயர் கொண்ட "இன்விசிபிள் கிரில்" சென்னை அடுக்ககங்களில் பரவலாகிவிட்டது. இங்கும் கேட்கிறார்கள். நெட்டுக்குத்தாக, 2 அங்குல இடைவெளியில், இறுக்கம் குறையாமல் இருந்தால் பிள்ளைகளுக்கு உதவும். தளர்ந்த வயர் விலகி வழிவிடும் என்பதால், இடுப்புயரத்தில் உறுதியான கைப்பிடிக் கம்பி ஒன்றும் கூடவே வேண்டும். ஜன்னலைக் கொஞ்சம் மட்டுமே திறக்கவிடும் ஸ்டாப்பர் துணைக்கு நல்லது. அதை மட்டும் நம்ப வேண்டாம், விருந்தினர் கழற்றிவிடுவார்.

எதை வைத்தாலும், ஒவ்வொரு படுக்கையறையிலும் தீ, புகை நேரத்தில் வெளியேற ஒரு வழி மிஞ்ச வேண்டும். முழு உயரத்துக்கு கிரில் போட்டுப் பூட்டினால், தெர்மாகோலும் பஃப்பும் உள்ள வீட்டில் அது தனி ஆபத்து.

போல்ட் எதைப் பிடிக்கிறது?

தடுப்பின் மேல்கம்பியில் ஒரு மீட்டர் நீளத்துக்கு 75 கிலோ பக்கவாட்டுத் தள்ளல் வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மீட்டர் ஜன்னலுக்கு 150 கிலோ. கம்பி இரு ஓரச் சுவர்களிலும் பிடித்திருந்தால், ஒவ்வொரு முனைக்கும் 75 கிலோ. நல்ல ஆங்கர் போல்ட்டுக்கு இது பெரிய பாரம் இல்லை.

அதே கம்பியைத் தரையில் பேஸ் பிளேட் வைத்து நிற்கும் தூண்களில் மாட்டினால் கதை வேறு. மீட்டருக்கு ஒரு தூண், உயரம் 1.1 மீட்டர், பிளேட்டில் போல்ட் வரிசைகளுக்கு நடுவே 80 மில்லிமீட்டர் என்றால், 75 கிலோ தள்ளல் பின்வரிசை போல்ட்டுகளில் ஒரு டன்னுக்கு மேல் இழுப்பாக மாறும். அந்த பிளேட்டுக்குக் கீழே இன்சுலேஷன் பலகையும் காரையும் இருந்தால் எதுவும் பிடிக்காது. இடமிருந்தால் எப்போதும் ஓரச் சுவருக்கு ஓரச் சுவர் பிடியுங்கள். தூண் வேண்டியே இருந்தால், தரை இன்சுலேஷன் போடும் முன்பே தூணைக் கான்கிரீட் தளத்தில் பொருத்திவிட வேண்டும்.

சுவர் வகைக்கு ஏற்ப:

ஏஏசி பிளாக் அல்லது ஹாலோ பிளாக் சுவர்: பிளாக்கில் ராவல் பிளக் பிடிக்காது. ஜன்னலின் இருபுறமும் லிண்டலோடு சேர்ந்த கான்கிரீட் தூண் ஒன்றைக் கம்பி கட்டி வார்த்துவிடுங்கள். சுவர் எழும்பும்போது இது ஒரு நாள் கூடுதல் வேலைதான்.

செங்கல் அல்லது கருங்கல் சுவர்: கெமிக்கல் ஆங்கர். துளையைத் தூசி இல்லாமல் ஊதி, பிரஷ் போட்டுத் தேய்த்து, மறுபடி ஊதிய பிறகே மருந்து செலுத்த வேண்டும். தூசி இருந்தால் மருந்து தூசியைத்தான் பிடிக்கும். குளிரில் அது இறுக நேரம் அதிகமாகும். டியூபில் அச்சிட்ட அட்டவணையைப் பார்த்துக் காத்திருங்கள்.

பஃப் பேனல் வீடு: இருபுறமும் மெல்லிய தகடு, நடுவே நுரை. ஸ்க்ரூ தகட்டை மட்டுமே பிடிக்கும். ஜன்னலின் இருபுறமும் இரும்புச் சட்டகத்தில் பாக்ஸ் பைப் தூண் வர வேண்டும். தடுப்பு அதில் போல்ட் ஆக வேண்டும். பேனல் ஏற்றும் முன் இதை ஃபேப்ரிகேட்டரிடம் வரைந்து கொடுங்கள்.

யுபிவிசி ஜன்னல் சட்டத்தில் தடுப்பை மாட்டித் தருகிறேன் என்று யார் சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள். உள்ளே இருக்கும் மெல்லிய இரும்பு, சட்டம் வளையாமல் இருக்கத்தான். ஆளைத் தாங்க அல்ல. துளை போட்டால் சட்டத்துக்குள் மழைநீர் வடியும் குழியும் கெடும்.

குளிர் உள்ளே வரும் வழி

வெளிப்பக்கத் தடுப்பின் போல்ட் இன்சுலேஷனைக் கடந்து சுவருக்குள் போகும்போது, குளிரையும் கூட அழைத்துப் போகும். தெர்மாகோலைவிட சாதாரண இரும்பு ஆயிரம் மடங்குக்கு மேல் வெப்பம் கடத்தும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. அலுமினியம் இரும்பையும் மிஞ்சும். அறை 20 டிகிரி, ஈரப்பதம் 70 சதவீதம் என்றால், சுமார் 14 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எந்த இடத்திலும் நீர் வியர்க்கும். மார்கழி இரவில் போல்ட் தலை இருக்கும் இடத்தைச் சுற்றி உள்சுவரில் வட்டமாகக் கறுப்புப் பூஞ்சணம் வருவது இப்படித்தான்.

செய்ய வேண்டியவை: சுவரைத் துளைக்கும் போல்ட் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும். எண்ணிக்கை குறைவாக, கனம் போதுமானதாக இருக்கட்டும். பிராக்கெட்டுக்கும் சுவருக்கும் நடுவே, இன்சுலேஷன் கனத்துக்குச் சமமாக, பாரம் தாங்கும் கடினப் பாலிமர் கட்டையை வைத்து அதன் வழியே போல்ட் போடுங்கள். வெறும் தெர்மாகோல் மேல் பிராக்கெட்டை இறுக்கினால் அது நசுங்கும், பூச்சு வெடிக்கும், வெடிப்பில் மழை இறங்கும். துளை வெளிப்பக்கம் சற்றே தாழ்ந்திருக்கட்டும். தண்ணீர் உள்ளே ஓடாது. ரப்பர் வாஷரும் சீலன்ட்டும் இரண்டுமே வேண்டும்.

இரும்புத் தடுப்பு என்றால் பட்டறையிலேயே வெல்டிங் முடித்து, பிறகு ஹாட் டிப் கால்வனைஸ் செய்து, மனையில் போல்ட் மட்டும் போடுங்கள். மனையில் வெல்டிங் வைத்தால் அந்த இடத்தில் துத்தநாகம் எரிந்து துரு தொடங்கும். பொறி பட்டுக் கண்ணாடியும் பாழாகும். தோட்டத்து சில்வர் ஓக் பலகை கையில் இருக்கிறதே என்று வெளிக் கைப்பிடிக்கு வைக்காதீர்கள். மழையிலும் ஈரத்திலும் அது நிலைக்காது. உள்பக்கக் கைப்பிடிக்கு அழகாக வரும்.

வேலை வரிசை

1. மலைப்பகுதிப் பாதுகாப்பு விதிகளின் கீழ் அனுமதிக்கு வரைபடம் கொடுக்கும்போதே தடுப்பையும் அதில் காட்டுங்கள்.
2. சுவர் எழும்பும்போது ஓரத் தூண், லிண்டல்.
3. ஜன்னல் வைக்கும் வரை திறந்திருக்கும் ஒவ்வொரு வாயிலிலும் அரை மீட்டரிலும் ஒரு மீட்டரிலும் சவுக்குக் கட்டை கட்டுங்கள். வீட்டில் முதலில் விழக்கூடியவர் கட்டுகிற தொழிலாளிதான்.
4. முடிந்த தரைமட்டக் கோடு. ஆங்கர், பிராக்கெட், பாலிமர் கட்டை.
5. எல்லா பிராக்கெட்டையும் அளவு டேப்போடு போட்டோ எடுத்து வையுங்கள். பூச்சுக்குப் பிறகு அதுதான் சாட்சி.
6. ஜன்னல் சட்டம், அதன் பிறகு இன்சுலேஷன், பூச்சு.
7. தடுப்பு. அதன் பிறகே சவுக்குக் கட்டையை அவிழ்க்க வேண்டும்.

"அதெல்லாம் கடைசில பாத்துக்கலாம் சார்" என்று மேஸ்திரி சொல்வார். நான்காவது வேலை முடியாமல் ஆறாவது வேலைக்கு ஆளை விடாதீர்கள்.

சோதனை

தடுப்பைச் சோதிக்க யாரையும் பள்ளத்தின் பக்கம் சாயச் சொல்லக் கூடாது. உள்பக்கம் இழுத்துப் பாருங்கள். கம்பியின் நடுவில் பட்டை பெல்ட்டைச் சுற்றி, தொங்கு தராசு ஒன்றை இடையில் மாட்டி, எதிர்ச் சுவரிலோ தூணிலோ கட்டிய ராட்செட் கொண்டு மெதுவாக இறுக்குங்கள். இரண்டு மீட்டர் தடுப்புக்குத் தராசு 150 கிலோ காட்டும் வரை இழுத்து, ஐந்து நிமிடம் நிறுத்தி, கம்பி எவ்வளவு வளைகிறது என்று அளந்துகொள்ளுங்கள். 25 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. விட்டதும் பழைய இடத்துக்கே திரும்ப வேண்டும். பிளேட்டின் ஓரத்தில் தலைமுடி அளவு இடைவெளி தெரிந்தாலும் அந்த ஆங்கரைக் கழற்றி மறுபடி போட வேண்டும். உள்ளே இழுத்துப் பார்த்தது ஆங்கருக்கு ஒரு பக்கச் சோதனைதான். எனவே பிராக்கெட், போல்ட் அளவுகளைக் கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரிடம் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள். அடுத்து 100 மில்லிமீட்டர் அகலத்துக்கு வெட்டிய மரக்கட்டையை எல்லா இடைவெளியிலும் நுழைத்துப் பாருங்கள். நுழைந்தால் அங்கே இன்னொரு கம்பி.

ஆண்டுதோறும்

புரட்டாசி முடிந்து மழை பிடிக்கும் முன் ஒரு நாளை இதற்கு ஒதுக்குங்கள். போல்ட்டுகளை ஸ்பேனர் வைத்து இறுக்கிப் பாருங்கள். சீலன்ட் பிரிந்திருக்கிறதா, பிராக்கெட்டுக்குக் கீழே துருக் கறை இறங்கியிருக்கிறதா, லேமினேட்டட் கண்ணாடியின் ஓரம் பால்போல வெளுத்திருக்கிறதா, வயர் தளர்ந்திருக்கிறதா என்று கவனியுங்கள். 2018 நவம்பரில் கஜா புயல் இந்த மலையில் மரங்களைச் சாய்த்ததுபோல் ஒரு காற்று வந்து போனால், அடுத்த ஆண்டுக்குக் காத்திராமல் உடனே பாருங்கள். அறையைச் சுத்தம் செய்கிறவர்களிடம், நாற்காலி, டீப்பாய், கட்டில் எதையும் தடுப்பை ஒட்டிப் போட வேண்டாம் என்று சொல்லி வையுங்கள். மேலே ஏற ஒரு பலகை கிடைத்தால் 1.1 மீட்டர் உயரம் அரை மீட்டராகிவிடும்.

பணம் கொடுக்கும் வரிசையும் இந்த வேலையின் பகுதிதான். கண்ணாடிக்காரருக்கு அட்வான்ஸ் கொடுக்கும் நாளில், ஒவ்வொரு ஜன்னலுக்கும் பள்ளத்தின் ஆழம், தடுப்பின் வகை, போல்ட் பிடிக்கும் இடம் மூன்றும் எழுதிய தாள் உங்கள் கையில் இருக்க வேண்டும். ஒரு ஜன்னலுக்கு அந்தத் தாளில் மூன்றாவது கட்டம் காலியாக இருந்தால், அந்த ஜன்னலின் கண்ணாடிக்கு ஆர்டர் கொடுக்காதீர்கள்.